காடும் ஊரும்: இயற்கைப் பாதுகாப்பு, உள்ளூர் முன்னேற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரணாலயம், தேசியப் பூங்கா, கடல் காப்பகம், நீர்ப்பிடிப்புப் பகுதி என்று எந்தப் பெயரில் அறிவித்தாலும், பெரும்பாலும் அதன் ஓரத்தில் ஓர் ஊர் இருக்கும். அந்த ஊருக்கும் அந்தக் காட்டுக்கும் இடையே வரும் பிணக்கைப் பற்றி மீண்டும் மீண்டும் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இயற்கையைக் காப்பதும் ஊர் முன்னேறுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவையா?

எதிராகிற இடங்கள் உண்டு. யானை காலங்காலமாக நடக்கும் தடத்தில் சோளம் விதைத்தால் மோதல் வரத்தான் செய்யும். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆனால் 'சமநிலை' என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்குத் தராசு நினைவுக்கு வந்துவிடுகிறது. ஒரு தட்டு ஏறினால் மறு தட்டு இறங்கியாக வேண்டும் என்று அந்த உவமை நம்மை நம்பவைக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காடு தரும் நன்மைகளான வற்றாத ஆறு, மிதமான தட்பவெப்பம், அரிய உயிர்கள் ஆகியவை நெடுந்தொலைவில் இருப்பவர்களையும் சென்றடைகின்றன. மிதிபட்ட பயிரும், பறிபோன மேய்ச்சலும், தூக்கம் கெட்ட இரவுக் காவலும் காட்டோரத்தில் இருப்பவருக்கு மட்டும். பலன் உலகுக்கெல்லாம், செலவு ஒருவர் தலையில் என்ற இந்தக் கணக்கை நேர் செய்யாதவரை எந்தக் காப்பகத்தையும் வேலியும் துப்பாக்கியும் போட்டுத்தான் காக்க வேண்டியிருக்கும். இந்தப் பக்கத்தில் வரும் பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அந்தக் கணக்கைப் பற்றியவைதான்.

மனிதர்களை வெளியேற்றினால்தான் காடு தழைக்கும் என்கிறார்களே, உண்மையா?

உலகின் முதல் தேசியப் பூங்காவாகக் கருதப்படும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872இல் அறிவிக்கப்பட்டபோதே இந்த எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த நிலத்தில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வந்த பழங்குடிகள் வெளியே தள்ளப்பட்டார்கள். பிறகு அதற்கு 'மனிதர் கைபடாத நிலம்' என்று பெயர் வந்தது. அந்த முன்மாதிரியைப் பின்பற்றி உலகம் முழுவதும் கோடுகள் போடப்பட்டன.

அது எங்கே தவறிப்போகும் என்பதை ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பறவைப் பூங்கா காட்டியது. ஆண்டாண்டுகளாகச் சுற்றுப்புற ஊர்களின் எருமைகள் அந்தச் சதுப்பில் இறங்கி மேய்ந்து வந்தன. 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்துத் திரண்ட கிராமத்தாருக்கும் போலீசுக்கும் மோதல் மூண்டு உயிர்கள் போயின. அதன் பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. எருமை தின்று மட்டுப்படுத்தி வைத்திருந்த ஒரு வகைத் தண்ணீர்ப் புல், தடுப்பாரின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. மீனுக்கும் நீர்ப்பறவைக்கும் திறந்த நீர் குறைந்துபோனது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வும் எருமை மேய்ச்சல் அந்தச் சதுப்புக்கு உதவியாகவே இருந்தது என்ற முடிவுக்கு வந்தது. பின்னாளில், புல்லை அறுத்துச் செல்ல அதே கிராமத்தார் அனுமதிக்கப்பட்டார்கள். எருமையையும் அந்தச் சதுப்பின் ஓர் உயிராக எண்ணிப் பார்த்திருந்தால் அந்த உயிர்கள் போயிருக்க வேண்டியதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

எல்லா இடத்திலும் மனிதர் இருந்துதான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பறவைகள் முட்டையிடும் தீவு, மீன்கள் முட்டையிடக் கூடும் பவளத்திட்டு போன்றவற்றை யாரும் தொடாமல் விட்டாக வேண்டும். பிலிப்பைன்ஸின் ஆப்போ தீவில் 1980களில் மீனவர்களே தங்கள் பவளத்திட்டின் ஒரு பகுதியில் வலை போடுவதில்லை என்று தீர்மானித்தார்கள். கடல் உயிரியலாளர் ஏஞ்சல் அல்கலா உடனிருந்து வழிகாட்டினார். தடை செய்த இடத்தில் மீன் பெருகியது. பிறகு எல்லையைத் தாண்டியும் வந்தது. அங்கும் தடைதான் போட்டார்கள். ஆனால் போட்டவர்கள் அந்தக் கடலில் பிழைப்பவர்கள்.

மக்களிடம் விட்டால் ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு போய்விட மாட்டார்களா?

இந்த அச்சத்துக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் அமெரிக்கச் சூழலியலாளர் கேரட் ஹார்டின். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டைச் சேர்த்துக்கொண்டே போவார்கள், முடிவில் நிலம் பாழாகும் என்று 1968இல் எழுதினார். யாருக்கும் சொந்தமில்லாத, எந்த விதியும் இல்லாத நிலத்துக்கு அது பொருந்தும். ஊர்ப் பொதுநிலம் அப்படிப்பட்டதாக இருப்பது அரிது.

ஹார்டின் சொன்ன முடிவை நேரில் போய்ச் சரிபார்த்தவர் அமெரிக்க அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். அவர் எடுத்துக்காட்டிய ஊர்களில் ஒன்று சுவிட்சர்லாந்து மலைகளில் உள்ள டோர்பெல். அங்கே 1517ஆம் ஆண்டு முதல் ஒரு விதி இருக்கிறது: குளிர்காலத்தில் தன் சொந்தத் தீவனத்தைப் போட்டு எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடிகிறதோ, அத்தனை மாடுகளைத்தான் ஒருவர் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். அதற்கு மேல் ஓட்டினால் அபராதம். அபராதம் விதிக்கும் ஊர் அலுவலருக்கு அதில் பாதி. எவ்வளவு எளிமையான கணக்கு என்று பாருங்கள். பசுவை எண்ண வெளியாள் வேண்டாம், ஏமாற்றினால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு காட்சி அமேசானில். அரப்பைமா என்ற ராட்சத நன்னீர் மீன் காற்றைச் சுவாசிப்பது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீருக்கு மேல் வந்து மூச்சு வாங்கும். அதுவே அதை ஈட்டிக்கு எளிதான இரையாக்கியது; பல ஏரிகளில் அற்றே போனது. பிரேசிலின் மமிராவா காப்பகத்தில் ஆராய்ச்சியாளர்கள் மீனவர்களிடம் உள்ள ஒரு திறமையைக் கவனித்தார்கள். படகில் அசையாமல் உட்கார்ந்து, மீன் மேலே வரும் ஒலியையும் முதுகு புரளும் விதத்தையும் வைத்தே அது பெரியதா சிறியதா, ஏற்கெனவே எண்ணியதா புதியதா என்று அவர்களால் சொல்ல முடிந்தது. இருபது நிமிடம் ஒரு பகுதி, பிறகு அடுத்த பகுதி என்று எண்ணிக்கொண்டே போனார்கள். அறிவியல் முறையில் எடுத்த கணக்கோடு ஒப்பிட்டபோது அவர்களது எண்ணிக்கை வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்தியது. 1999 முதல் அந்த எண்ணிக்கையை வைத்தே மறு ஆண்டுக்கான பிடிப்பு நிர்ணயமாகிறது: ஒன்றரை மீட்டருக்கு மேல் வளர்ந்த மீன்களில் அதிகபட்சம் 30 விழுக்காடு. இரவில் திருட வரும் படகுகளைக் காவல் காப்பவர்களும் அவர்களே. மீன் பல மடங்கு பெருகியது.

உரிமை கைக்கு வந்தால் என்ன மாறும்?

மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரின் தென்பகுதியில் 1980களின் தொடக்கத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் பாலைவனம் பரவாமல் தடுக்க மரக்கன்று நட்டுக்கொண்டிருந்தார். நட்டவற்றில் பெரும்பாலானவை பட்டுப்போயின. ஒருநாள் வழியில் வண்டியை நிறுத்தியபோது, புதர் என்று அதுவரை எண்ணிக் கடந்துபோன ஒன்றைக் குனிந்து பார்த்தார். அது வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டை. வேர் மண்ணுக்குள் உயிரோடு இருந்து ஆண்டுதோறும் துளிர்விட்டுக்கொண்டிருந்தது. அப்படி நிலமெங்கும் அடிக்கட்டைகள் கிடந்தன. துளிர்களில் நல்லவற்றை விட்டு மற்றதைக் கழித்தாலே மரமாகிவிடும். கன்று வேண்டாம், தண்ணீர் வேண்டாம்.

பிறகு ஏன் உழவர்கள் அதுவரை அதைச் செய்யவில்லை? சட்டப்படி மரம் அரசுடையது. தன் வயலில் நிற்கும் மரத்தின் கிளையை வெட்டினாலும் அபராதம். அதனால் துளிரிலேயே கிள்ளிவிடுவதுதான் உழவருக்குப் பாதுகாப்பாக இருந்தது. மரம் வளர்த்தவருக்கே என்று அதிகாரிகள் விட்டுக்கொடுத்த பிறகு வேலை வயலுக்கு வயல் தொற்றிக்கொண்டது. நைஜரில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பி வந்தன.

நேபாளத்தின் கதை இதையே இருமுறை சொல்கிறது. 1957இல் தனியார் காடுகள் அரசுடைமையாக்கப்பட்டன. நல்ல நோக்கம்தான். ஆனால் ஊர் தன் காட்டின் மீதான பொறுப்பை அன்றோடு கைகழுவியது. காடு வேகமாக அழிந்தது. 1993 வனச் சட்டம் காட்டை ஊர்க்குழுக்களிடம் ஒப்படைத்தது. இன்று 22,000க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. 1992இல் நாட்டின் பரப்பில் 26 விழுக்காடாக இருந்த காடு 2016இல் 45 விழுக்காடு ஆகியிருப்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. இளைஞர்கள் வேலை தேடி வெளிநாடு போனதால் கைவிடப்பட்ட வயல்களும் இதில் ஒரு பங்கு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வருமானத்தில் பங்கு கொடுத்தால் போதாதா?

பங்கு கொடுப்பது நல்லது. சித்வன் போன்ற பூங்காக்களின் வருவாயில் 30 முதல் 50 விழுக்காடு வரை சுற்றியுள்ள ஊர்களுக்குப் போக வேண்டும் என்று நேபாளம் 1996இல் விதி செய்தது. 1960களில் சுமார் நூறாகச் சுருங்கியிருந்த காண்டாமிருகங்கள் 2021 கணக்கெடுப்பில் 752. நாட்டின் புலிகள் 2010இல் 121, 2022இல் 355. ஊரார் துணையில்லாமல் இது நடந்திருக்காது.

ஆனால் பணத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஜிம்பாப்வே 1989இல் தொடங்கிய காம்ஃபயர் திட்டம் வனவிலங்கு வருவாயை ஊருக்குக் கொடுக்க எண்ணியது. பணம் வட்டார மன்றங்கள் வழியாகப் போனது. பல மன்றங்கள் பெரும்பங்கைத் தங்களிடமே நிறுத்திக்கொண்டன. நமீபியா வேறு வழியில் போனது. 1996இல் திருத்திய சட்டத்தின்படி, எல்லையையும் உறுப்பினர்களையும் தாங்களே முடிவுசெய்து பதிவு செய்துகொள்ளும் ஊர்க்கூட்டமைப்புக்கே வனவிலங்கின் மீது உரிமை. ஒப்பந்தம் போடுவதும் பணத்தை வாங்குவதும் அதுவே. இன்று அப்படி 86 அமைப்புகள் நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கவனித்துக்கொள்கின்றன.

சுற்றுலா வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. 2020இல் பெருந்தொற்று வந்து விமானங்கள் நின்றபோது, நமீபியாவின் அந்த ஊர்க்கூட்டமைப்புகளே வனக்காவலர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் திண்டாடின. ஒற்றை வருமானத்தில் ஊரையும் காட்டையும் கட்டிவைப்பது ஆபத்தானது. தங்கும் விடுதியின் உரிமையாளர் வெளியூர், துணி துவைப்பவர் மட்டும் உள்ளூர் என்றால் அதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விலங்கு பயிரை அழிக்கிறது, கால்நடையைக் கொல்கிறது. அதற்கு என்ன வழி?

இழப்பீடுதான் உடனே நினைவுக்கு வரும். ஆனால் இழப்பீடு பல நாடுகளில் தாமதமாகிறது, குறைகிறது, விண்ணப்பத்தோடு அலைவதிலேயே கூலி போய்விடுகிறது. அதனால் நடப்பதற்கு முன்பே தடுப்பது மேல்.

இமயமலையில் ஸ்பிதி பள்ளத்தாக்கின் கிப்பர் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். பனிச்சிறுத்தை ஆட்டுப்பட்டிக்குள் குதித்துவிட்டால் ஒன்றோடு நிற்காது. வெளியேற வழி தெரியாமல் ஆடுகள் மிரண்டு ஓட ஓட, ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுபோடும். காலையில் பட்டியைத் திறக்கும் குடும்பத்துக்கு ஆண்டு முழுவதற்குமான பிழைப்பு செத்துக் கிடக்கும். அதன் பிறகு சிறுத்தைக்கு நஞ்சு வைத்தால் யாரைக் குற்றம் சொல்வது? அங்கே ஊராரும் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து 2002இல் கால்நடைக் காப்பீடு தொடங்கினார்கள். உரிமையாளர் சிறு பிரீமியம் கட்டுகிறார், எந்த விலங்குக்கு எவ்வளவு என்பதை ஊர்க்குழுவே முடிவுசெய்கிறது. பொய்க் கணக்கு எழுதினால் நஷ்டம் அண்டை வீட்டாருக்கு என்பதால் எழுதுவதற்குக் கை கூசும். அதற்கு முன்பே, காட்டு ஆடுகள் மேய்வதற்காக ஊர் மேய்ச்சலில் ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டிருந்தார்கள். சிறுத்தைக்குக் காட்டிலேயே இரை கிடைக்க வேண்டும் அல்லவா? இத்தகைய மலையூர்களில் பட்டியின் மேல் கம்பிவலைக் கூரை போடுவதும் நல்ல பலன் தருகிறது. செலவு குறைவு.

யானைக்குத் தேனீ. கென்யாவில் லூசி கிங் உருவாக்கிய முறையில் வயலைச் சுற்றிப் பத்து மீட்டருக்கு ஒரு கூடு தொங்கும். கூடுகளைக் கம்பி இணைக்கும். யானை கம்பியைத் தள்ளினால் கூடுகள் ஆடும், தேனீக்கள் சீறும். நெருங்கிய யானைகளில் பெரும்பாலானவை திரும்பிப் போயின. தேன் உழவருக்குக் கூடுதல் வரவு. ஆனால் வறட்சியில் தேனீக்கள் கூட்டைவிட்டுப் போய்விடும், அப்போது வேலிக்கு வலுவில்லை. எந்த ஒரு முறையையும் எல்லா ஊருக்கும் பொதுவாக்க முடியாது.

பலன் பெறும் தொலைவூர்கள் ஏன் பணம் கொடுக்கக் கூடாது?

கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறார்கள். நியூயார்க் நகரத்தின் குடிநீரில் ஏறக்குறைய 90 விழுக்காடு கேட்ஸ்கில், டெலவேர் பகுதிகளின் மலைகளிலிருந்து வருகிறது. 1990களில் நகரம் வடிகட்டி ஆலை கட்ட வேண்டிய நிலை வந்தது. செலவு பல நூறு கோடி டாலர். அதற்குப் பதிலாக, நீர் பிறக்கும் மலையைக் காக்கும் உழவர்களுக்குப் பணம் தர முடிவுசெய்தது. ஆனால் மலையூர்களுக்குப் பழைய காயம் இருந்தது: முன்பு நீர்த்தேக்கங்களுக்காக நகரம் அவர்களது ஊர்களை மூழ்கடித்திருந்தது. ஆண்டுக்கணக்கில் பேசி 1997இல் ஒப்பந்தம் எட்டப்பட்டது. விற்க விரும்புபவரிடம் மட்டுமே நிலம் வாங்க வேண்டும், பண்ணைத் திட்டத்தை உழவர்கள் தலைமையிலான குழு நடத்த வேண்டும். சாணக் குழி கட்டவும், மாடு ஓடையில் இறங்காமல் வேலி போடவும் நகரம் செலவு செய்தது.

கோஸ்டாரிகா 1997 முதல் எரிபொருள் வரியின் ஒரு பகுதியை எடுத்து, காட்டைக் காக்கும் நில உரிமையாளருக்குக் கொடுக்கிறது. காட்டை அழித்து நிலமாக்கச் சட்டத் தடையும் உண்டு. ஒருகாலத்தில் கால்பங்கு அளவுக்குச் சரிந்த அந்நாட்டின் காடு இன்று பாதிக்கு மேல். இந்த முறையில் பட்டா இல்லாத ஏழைகள் விடுபட்டுப்போவதை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

'உள்ளூர் மக்கள்' என்றால் யார்?

கேட்பவர்கள் குறைவு, ஆனால் மிக முக்கியமான கேள்வி. ஊர் என்பது ஒரே குரல் இல்லை. உகாண்டாவின் ப்விண்டி காடு 1991இல் தேசியப் பூங்காவானது. மலைக் கொரில்லாக்கள் மீண்டு வருகின்றன, அது மகிழ்ச்சி. ஆனால் அந்தக் காட்டிலேயே வாழ்ந்த பட்வா மக்கள் நிலமின்றி வெளியேற்றப்பட்டார்கள். வருவாய்ப் பங்கு பெரும்பாலும் அண்டையில் நிலம் வைத்திருந்த உழவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. காட்டை அதிகம் இழந்தவர்களுக்குக் கிடைத்தது சொற்பம்.

பெண்கள் விஷயமும் அப்படியே. விறகும் தீவனமும் கொண்டுவருவது பெரும்பாலும் அவர்கள். காட்டை மூடலாம் என்று கூட்டத்தில் கை தூக்குவது ஆண்கள். இந்தியாவிலும் நேபாளத்திலும் வனக்குழுக்களை ஆராய்ந்த பொருளியலாளர் பினா அகர்வால், செயற்குழுவில் பெண்கள் கூடுதலாக இருந்த இடங்களில் காடு நன்றாக மீண்டதைக் கண்டார்.

சாலை, மின்சாரம், சுரங்கம் எல்லாவற்றையும் ஒரேயடியாக மறுக்க வேண்டுமா?

பிரசவத்துக்குப் போகும் பாதையையும் சுரங்கத்தையும் ஒரே சொல்லால் அழைப்பது தவறு. பள்ளி, மருத்துவமனை, விளக்கு ஆகியவற்றைக் காப்பகத்தின் பெயரால் மறுப்பதை நான் ஏற்கவில்லை. சுரங்கம் வேறு; கனிமம் வெளியே போகும், குழி மட்டும் ஊரில் தங்கும். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை எடுப்பதைப் பற்றி முடிவுசெய்யும் பொறுப்பை, 2006 வன உரிமைச் சட்டத்தை முன்வைத்து, 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் விட்டது. பன்னிரண்டு கிராம சபைகளும் வேண்டாம் என்றன.

2030க்குள் உலகில் 30 விழுக்காடு காக்கப்பட வேண்டும் என்கிறார்கள். ஊர்களுக்கு இது நல்லதா?

2022 டிசம்பரில் மாண்ட்ரியாலில் நாடுகள் ஒப்புக்கொண்ட இலக்கு அது. நிலத்துக்கும் கடலுக்கும் பொருந்தும். பழங்குடிகள், உள்ளூர்ச் சமூகங்கள் ஆகியோரின் உரிமையை மதிக்க வேண்டும் என்ற வரியும் அதிலேயே இருக்கிறது. அந்த வரியை மறந்துவிட்டு வரைபடத்தில் பச்சை பூசினால் யெல்லோஸ்டோன் காலத்துத் தவறு பெரிய அளவில் திரும்பும்.

ஒரு திட்டம் நிலைக்குமா என்று எப்படிக் கண்டுகொள்வது?

ஊருக்குப் போய் விசாரித்தால் தெரிந்துவிடும். கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது, ஊரில் படிக்கத் தெரிந்த யாரும் அதைப் புரட்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். விலங்கையோ மீனையோ எண்ணுபவர் யார், அந்த எண்ணிக்கை அவருக்கே திரும்பி வருகிறதா என்று கேளுங்கள். சென்ற ஆண்டு விதியை மீறிய யாருக்காவது அபராதம் விழுந்ததா, விழுந்தவர் ஊர்ப் பெரிய மனிதரின் உறவினராக இருந்தாலும் விழுந்ததா என்பதையும் தேநீர்க்கடை வாசலில் விசாரியுங்கள். அலுவலகத்தில் கேட்டால் தெரியாது.

கடைசியாக, ஊர்க்கூட்டத்தில் 'இந்தத் திட்டம் எங்களுக்கு வேண்டாம்' என்று முடிவானால் அடுத்து என்ன நடக்கும் என்று திட்ட அதிகாரியிடம் கேளுங்கள். அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது என்று எழுத்தில் வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, அதே தாள் ஊராரிடமும் இருக்கிறதா என்று பாருங்கள்.